எங்க அண்ணன் பேரை மட்டும் ஏன் விட்டீங்க?

ஆகஸ்ட் 15 அன்னிக்கு எங்க அப்பார்ட்மென்ட்ல நடந்தது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும். நாலு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த நம்ம ஏரியாக்காரங்கன்னு மைக்ல பேர் வாசிச்சாங்க. கார்கில் வந்துச்சு, சியாச்சின் வந்துச்சு, எங்க அண்ணன் பேர் வரல. கேட்டதுக்கு செக்ரெட்டரி சார் தனியா கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, இலங்கை மேட்டர், எதுக்கு வம்பு"ன்னாரு.

செத்துப்போனவன் பேரைச் சொல்றது வம்பா சார்?

எங்க அண்ணன் ராணுவத்துல இருந்தான், சண்டையை நிறுத்தன்னு இலங்கைக்கு அனுப்பின இந்திய அமைதிப்படையில போனான். அங்க போன படை கடைசில புலிகளோடயே சண்டை போட வேண்டியதாச்சு. 1987 அக்டோபர். நான் ஆறாவது படிக்கிறேன். தந்தி வந்துச்சு, உடம்பு வரல, அங்கயே எரிச்சுட்டாங்க. அப்புறம் ஒருநாள் கறுப்பு ட்ரங்க் பெட்டி வந்துச்சு, மூடி மேல வெள்ளை பெயின்ட்ல அவன் நம்பர். உள்ள மடிச்ச சட்டை, எச்எம்டி வாட்ச், பாதியில நின்ன ஒரு இன்லேண்ட் லெட்டர். "அம்மா, இங்கயும் எல்லாரும் தமிழ்தான் பேசறாங்க, கடைக்குப் போனா நம்ம ஊர் மாதிரியே இருக்கு"ன்னு எழுதியிருக்கான். அதுக்கு மேல இல்ல.

"அங்க போய் தமிழனைத்தானே சுட்டான்"னு கேப்பீங்க. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரில டாக்டர், நர்ஸ், நோயாளிகளை நம்ம ராணுவம் சுட்டுக் கொன்னதும் அதே அக்டோபர்லதான், எனக்கும் தெரியும், அதை நான் மறைக்கல. அந்தக் குடும்பங்க அழறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா படையை அங்க அனுப்பின இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது அன்னைக்குப் பிரதமரா இருந்த ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும், எங்க அண்ணன் இல்ல. இருபத்திநாலு வயசுப் பையனுக்குப் போன்னு ஆர்டர் வந்துச்சு, போனான். அவ்வளவுதான். இதுக்கு மேல என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ஆற்காடு ரோட்ல பரமேஸ்வரன் விஹார்னு போர்டைத் தினம் தாண்டிப் போறீங்களே, யார் அவர்? மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25, நெஞ்சுல குண்டு பாஞ்ச பிறகும் ஆளுங்களுக்கு ஆர்டர் கொடுத்துட்டே செத்தவர், போர்ல காட்டின வீரத்துக்கு நாட்டோட பெரிய விருதான பரம்வீர் சக்ரா வாங்கினவர். அதே இலங்கை மேட்டர்தான் சார். அங்க 1,100 பேருக்கு மேல செத்தாங்க. டெல்லி போர் நினைவுச் சின்னத்துல பேர் இருக்கு, கொழும்பு பக்கம் பத்தரமுல்லையிலகூட நினைவுத்தூண் இருக்கு. அவன் பொறந்து வளந்த தெருவுலதான் சொல்ல முடியல.

1990 மார்ச்ல மிச்சப் படை கப்பல்ல மெட்ராஸ் வந்தப்ப வரவேற்கப் போகமாட்டேன்னாரு அன்னைக்கு முதல்வரா இருந்த கலைஞர். அவருக்கு அவர் காரணம். எங்கப்பா லீவ் போட்டுட்டுப் போய் துறைமுக கேட்டுக்கு வெளிய சாயந்தரம் வரைக்கும் நின்னாரு. மகன் வரமாட்டான்னு தெரியும், அவன்கூட இருந்த பசங்க முகத்தையாவது பாத்துட்டு வரேன்னுதான் போனாரு.

இப்ப அப்பா இல்ல. அம்மாவுக்கு எண்பத்தஞ்சு. அன்னிக்குக் கொடியேத்திட்டு நான் மேல வந்ததும் "அவன் பேரைச் சொன்னாங்களாடி?"ன்னு கேட்டா. சொன்னாங்கம்மான்னுட்டேன்.

ஜனவரி 26க்கு லிஸ்ட் எழுதறப்ப நான் வந்து பக்கத்துல நிப்பேன் சார். ஸ்பீக்கரை எங்க பிளாக் பக்கம் திருப்பி வைங்க, அம்மா காதுல விழணும்.