பார்த்தேன். ஆனால் அவன்தான் என்று சொல்ல மாட்டேன்

சைக்கிள் திருடு போன விஷயத்தில் நான் குழப்புகிறேன் என்று காலையிலிருந்து நம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்: ராத்திரி ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன், இஸ்திரிக்காரர் மகன் மாதிரி இருந்தது, ஆனால் அவன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. "பார்த்தேன்னும் சொல்றீங்க, தெரியாதுன்னும் சொல்றீங்க, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள்.

இரண்டுமே உண்மை, சார். கேட் பக்கம் லைட் எரியவில்லை. நான் பார்த்தது முதுகை. அதைவிடப் பெரிய விஷயம், காலையில் நான் கீழே இறங்குவதற்குள் "அந்தப் பையன்தான்" என்று என் காதில் போட்டுவிட்டார்கள். ராத்திரியே அவன் மாதிரி தோன்றியதா, பெயரைக் கேட்ட பிறகு அப்படி ஆனதா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க முடியாதபோது பிரித்த மாதிரி எப்படிப் பேசுவது?

அமெரிக்காவில், வட கரோலினாவில் 1984-ல் நடந்த வழக்கு இது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஜெனிஃபர் தாம்சன், அந்த நேரத்திலும் குற்றவாளியின் முகத்தைக் கவனமாக மனதில் பதித்துக்கொண்டார். போலீஸ் காட்டிய போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். பிறகு, ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். போட்டோவில் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸ் சொன்னதும் அவருடைய உறுதி இன்னும் கூடியது. உண்மையான குற்றவாளியை 1987-ல் கோர்ட்டில் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தியபோது, இவனை நான் பார்த்ததே இல்லை என்றார். காட்டன் பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் அவரை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. உறுதியாக இருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை அப்பாவுக்குச் சுகர் பார்த்தபோது மெஷின் முந்நூற்றுக்கு மேல் காட்டியது. அம்மா அழுதே விட்டார். அப்பா அப்போதுதான் மாம்பழம் சாப்பிட்டிருந்தார், விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பார்த்தால் பாதிகூட இல்லை. மெஷினைத் தூக்கியா எறிந்தோம்? இல்லையே.

"இப்படிப் பார்த்தால் எதையுமே நம்ப முடியாதே" என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சைக்கிள் திருடு போனதை நம்புகிறேன். ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போனதையும் நம்புகிறேன். யார் என்பதில்தான் என் கண்ணை நம்பவில்லை. "திருடனுக்கு வக்காலத்து" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. சைக்கிளைப் பறிகொடுத்த குடும்பத்தின் வருத்தம் எனக்கும் புரிகிறது, ஆனால் அந்த வருத்தம் சாட்சி ஆகாது.

அந்தப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். சாயந்திரம் துணி மூட்டையோடு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி "அக்கா, துணி" என்பான். ஞாயிறுக்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவன் அப்பா வந்து தலையைக் குனிந்துகொண்டு துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இத்தனை வருஷமாக நம் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்த மனிதர் அவர், ஒரு குண்டூசி காணாமல் போனதுண்டா?

அந்தப் பையன் பெயரைப் போட்டு செக்ரட்டரி அனுப்பிய புகார்க் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். போலீஸ் கேட்டால் லைட் எரியாததையும் சேர்த்துச் சொல்வேன்.