ரசீதுக்குப் பேர் வைக்க ஒரு வரி எழுத முடியாதா உங்களுக்கு?

நேத்து ராத்திரி அப்பாவோட மருத்துவ ரசீதுகளைத் தேட உட்கார்ந்தேன். காப்பீட்டுக்கு ஆறு ரசீது அனுப்பணும், இன்னைக்குத்தான் கடைசி நாள். எல்லாமே அந்தந்த நாள்லயே பொறுப்பா இறக்கி வச்சதுதான், ஒண்ணைக்கூட விடல. ஃபோல்டரைத் திறந்தா ‘டவுன்லோட்.பிடிஎஃப்’, ‘டவுன்லோட் (1).பிடிஎஃப்’, ‘டவுன்லோட் (2).பிடிஎஃப்’னு 23 வரைக்கும் வரிசையா நிக்குது. நடுவுல நாலஞ்சு ‘ரிப்போர்ட்’, ரெண்டு ‘பிரின்ட்’, ஒரு ‘பிடிஎஃப்.பிடிஎஃப்’. இதுல எது ரசீது, எது ரத்தப் பரிசோதனை, எது யாரோட பயணச்சீட்டு? ஒவ்வொண்ணாத் திற, பாரு, மூடு. போன மாசம் இதே அவசரத்துல ஒரே ரசீதை ரெண்டு தடவை இணைச்சு அனுப்பி, மொத்த விண்ணப்பமும் திரும்பி வந்துச்சு. 8ம் 9ம் ஒரே ரசீதுதான்னு வெளியில இருந்து பார்த்தா எப்படிங்க தெரியும்?

நானும் இதே வேலை பார்க்கிற ஆளுங்கறதாலதான் வயிறு எரியுது. சர்வர்ல பிடிஎஃப் உருவாக்கி பிரவுசருக்கு அனுப்புற நிரல் எத்தனையோ எழுதியிருக்கேன். கோப்புக்குப் பேர் வைக்க என்ன வேணும்னு தெரியும். ஒரே ஒரு ஹெடர் வரி, அதாவது கோப்புக்கு முன்னால சர்வர் பிரவுசருக்கு அனுப்புற குறிப்பு. கன்டென்ட்-டிஸ்போசிஷன். அதுல ஃபைல்நேம்னு போட்டு, மேற்கோள் குறிக்குள்ள பேரை எழுதினா முடிஞ்சது. அந்த வரி இல்லைன்னா பாவம் பிரவுசர் என்ன பண்ணும்? முகவரியோட கடைசித் துண்டை எடுத்துப் பேரா வச்சுக்கும். முகவரி ‘இன்வாய்ஸ்/48213/பிடிஎஃப்’னு முடிஞ்சா, உங்க ரசீதுக்குப் பேர் ‘பிடிஎஃப்.பிடிஎஃப்’. 48213ங்கற எண் பக்கத்துலயேதான் இருக்கு, ஆனா பேருக்குள்ள வராது. முகவரி பிஎச்பின்னு (சர்வர்ல ஓடுற நிரலோட வால்) முடிஞ்சு, கோப்போட வகையையும் ஒழுங்காச் சொல்லாம ஆக்டெட்-ஸ்ட்ரீம், அதாவது ‘ஏதோ ஒரு கோப்பு’ன்னு தள்ளிவிட்டிருந்தா, வால்ல அந்தப் பிஎச்பியே ஒட்டிக்கிட்டு வந்து விழும். டபுள் கிளிக் பண்ணினா திறக்காது. வயசானவங்க ‘கோப்பு கெட்டுப்போச்சு’ன்னு நினைச்சு அழிச்சே போட்டுடுறாங்க.

“நாங்க பிரவுசர்லயே திறந்து காட்டுறோம், டவுன்லோட் கொடுக்கல, அதனால பேர் தேவையில்ல”ன்னு ஒரு கூட்டம் சொல்லும். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்குது. திரையிலயே காட்ட இன்லைன், கோப்பா இறக்க அட்டாச்மென்ட். அந்தத் தேர்வு வேற, பேர் வேற. இன்லைன்னு போட்டாலும் பக்கத்துலயே ஃபைல்நேம் கொடுக்கலாம். காட்டுறது திரையிலயா இருந்தாலும், பார்க்கிறவங்க கடைசியில சேமிக்கத்தானே போறாங்க? ரசீதை வேடிக்கை பார்க்கவா திறக்கிறாங்க? சேமிக்கிற பொத்தானை அழுத்துற நேரத்துல பிரவுசர் முன்னால வைக்கிறது அந்தப் பேரைத்தான். இது தெரியாம வருஷக்கணக்கா பிடிஎஃப் அனுப்பிக்கிட்டு இருக்காங்க.

“யூசரே பேர் மாத்திக்கட்டுமே”ன்னு ஒருத்தர் மீட்டிங்ல என் முகத்துக்கு நேராச் சொன்னார். போன்ல பெரும்பாலும் பேரே கேட்காது, கொடுத்த பேர்லயே நேராச் சேமிச்சுடும். அதை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பினா, வாங்குறவங்களுக்கும் ‘டவுன்லோட் (17)’தான் தெரியும். ஆயிரம் பேர் தினம் மாத்தவேண்டிய ஒண்ணை ஒருத்தர் ஒரே ஒரு தடவை எழுதி முடிச்சிருக்கலாம். அந்த ஒருத்தர் சம்பளம் வாங்குறது இதுக்குத்தானே!

சரி, எழுதினவங்களாவது ஒழுங்கா எழுதினாங்களா? மேற்கோள் குறியை விட்டுட்டு எழுதுவாங்க. பேருக்கு நடுவுல ஒரு இடைவெளி இருந்தாப் போதும், ஃபயர்பாக்ஸ் முதல் சொல்லோட நறுக்கிடும், வால்ல இருக்கிற பிடிஎஃப்பும் அதோட போயிடும். குரோம்ல சோதிச்சுப் பார்த்தா முழுப் பேரும் வரும், அதனால ‘எனக்கு நல்லா வருதே’ன்னு புகார் டிக்கெட்டை மூடிடுவாங்க. அதே பேர்ல ஒரு காற்புள்ளி வந்தா அப்போ குரோம் முரண்டு பிடிக்கும். ஒரே ஹெடர் ரெண்டு தடவை வந்திருக்குன்னு எடுத்துக்கிட்டு பிழைப் பக்கத்தைக் காட்டிடும். பேருக்கு முன்னும் பின்னும் ஒரு மேற்கோள் குறி. அவ்வளவுதான் மருந்து.

இனி நம்ம மொழிக்கு வர்றேன், இங்கதான் எனக்குத் தாங்கல. கோப்புக்குத் தமிழ்ல பேர் வச்சா என்ன ஆகும்? ஹெடர்ல தமிழை அப்படியே போட்டா நோட் (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்.ஜேஎஸ்) ஏத்துக்காது, ‘தவறான எழுத்து’ன்னு பிழை எறியும். உடனே ஒரு புத்திசாலி வந்து ஆங்கில எழுத்து, எண் தவிர எல்லாத்தையும் அடிக்கோடா மாத்துற ஒரு வரியைச் சேர்ப்பார். பிழை போயிடும். வாடிக்கையாளர் தமிழ்ல எழுதின பேர் முழுக்க வெறும் அடிக்கோடா வந்து நிக்கும். ஒரு மனுஷரோட பேரை அழிச்சுட்டு அதுக்கு ‘சரி செய்யப்பட்டது’ன்னு குறிப்பு வேற!

இதைவிடக் கொடுமை ஒண்ணை நான் கண்ணால பார்த்தேன். பைத்தான்ல எழுதின ஒரு நிரல். ‘எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் வெட்டு’ன்னு வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கிற வடிவக் குறிப்பு. தமிழும் எழுத்துதானே, தப்பிச்சுடும்னு நினைச்சேன். ‘ரசீது’ன்னு கொடுத்தா ‘ரசத’ன்னு வெளிய வந்துச்சு. ‘தமிழ்’னு கொடுத்தேன், ‘தமழ’. ஏன்னா எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோட் கணக்குல நம்ம கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்து இல்ல, குறி. எழுத்தை மட்டும் வச்சுக்கன்னு சொன்னதும் அது குறியையெல்லாம் வழிச்சு எடுத்துடுச்சு. இங்கிலீஷ் பேரை மட்டும் சோதிச்ச யாருக்கும் இது காலத்துக்கும் தெரியப்போறதில்ல. ஒரு மொழியோட பாதி உறுப்பை வெட்டிட்டு ஓடுற நிரலை ‘சுத்தம் செய்யுது’ன்னு எப்படிச் சொல்ல மனசு வருது?

வழியே இல்லைன்னா பொறுத்துக்கலாம். வழி 2011லயே ஆர்எஃப்சி 6266ங்கற இணையத் தர ஆவணத்துல எழுதி வச்சாச்சு. ஃபைல்நேம்ங்கற சொல்லுக்குப் பின்னால ஒரு நட்சத்திரக் குறி போடு, யுடிஎஃப்-8னு (யூனிகோடைப் பைட்டா எழுதுற முறை) சொல்லு, ரெண்டு ஒற்றை மேற்கோள் போடு, பேரைச் சதவீதக் குறியீடா, அதாவது ஒவ்வொரு பைட்டையும் % போட்ட மூணு எழுத்தா, மாத்தி எழுது. முன்னாடியே நட்சத்திரம் இல்லாத ஃபைல்நேம்ல ஆங்கில எழுத்துல ஒரு எளிய பேரையும் வச்சிடு. நட்சத்திரம் புரியாத பழைய பிரவுசர் அதை எடுத்துக்கும், புரிஞ்சது தமிழை எடுத்துக்கும். ‘ரசீது’ கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல 5 குறியீடு, யுடிஎஃப்-8ல 15 பைட், சதவீதக் குறியீட்டுல 45 எழுத்து. நீளம்தான். அதனால என்ன? அதைக் கையாலயா எழுதப்போறோம்? பெரும்பாலான நிரல் மொழிகள்லயும் அதுக்கு ஆயத்த ஃபங்ஷன் இருக்கு. நீளமான பேருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: லினக்ஸ்ல வழக்கமா ஒரு கோப்புப் பேருக்கு 255 பைட்தான் எல்லை, தமிழுக்கு அது 85 குறியீட்டோட முடிஞ்சுடும்.

இப்போ புதுசா ஒரு கூத்து. பிரவுசர் பக்கத்துலயே ஜாவாஸ்கிரிப்ட் வச்சு பிடிஎஃப்பை வாங்கி, அதுக்கு பிளாப் முகவரி, அதாவது பிரவுசருக்குள்ள மட்டும் செல்லுற தற்காலிக முகவரி, உண்டாக்கி, புது டேப்ல திறந்துவிடுறாங்க. அந்த முகவரியில இருக்கிறது 36 எழுத்து எண்குப்பை, கோப்பைச் சேமிச்சா அதுதான் பேர். சர்வர்ல இருக்கிறவர் ஹெடரை எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் பிளாப்புக்கு அது வந்து சேராது. இறக்குற இணைப்புல டவுன்லோட் பண்பைப் போட்டு அதுல பேரைக் கொடுத்தாப் போதும். சர்வர் சொன்ன பேரையே எடுத்துக்கலாம்னா, சர்வர் வேற டொமைன்ல இருந்தா அந்த ஹெடரைப் படிக்க ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுமதி கிடையாது. சர்வர் ஆக்ஸஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்ங்கற இன்னொரு ஹெடர்ல அதோட பேரைச் சேர்த்தாத்தான் கண்ணுக்கே தெரியும். இதுக்காக ரெண்டு டீமும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கிட்டு மூணு வாரம் ஓட்டினதைப் பார்த்திருக்கேன். அந்த மூணு வாரமும் ஜனங்க எண்குப்பையைத்தான் சேமிச்சுக்கிட்டு இருந்தாங்க.

பேர்ல என்ன வேணும்னு கேட்டா, என்ன ஆவணம், எந்த எண், எந்தத் தேதி. ‘ரசீது-48213-2024-03-15’. வருஷம் முன்னாடி வந்தா ஃபோல்டர்ல தானா வரிசையா நிக்கும். தேதிக்கு நடுவுல சாய்கோடு போடாதீங்க, நேரத்துக்கு நடுவுல முக்காற்புள்ளி போடாதீங்க, விண்டோஸ் ரெண்டையும் கோப்புப் பேர்ல விடாது. நோயோட பேரைப் போடாதீங்க, அப்பாவோட நோய் அவர் போனை எட்டிப்பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்னு இல்ல. இவ்வளவும் உங்க டேட்டாபேஸ்ல இருக்கு. ரசீதுக்கு உள்ள கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கீங்க. அதையே வெளியில ஒரு தடவை எழுதக் கை வரலையா?

ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் திறந்து திறந்து பார்த்து, நானே பேர் மாத்தினேன். ஆறு ரசீதும் கிடைச்சது, அனுப்பியாச்சு. இன்னும் 14 கோப்பு அதே ‘டவுன்லோட்’ங்கற பேர்ல கிடக்கு. அதுல அப்பாவோட பரிசோதனை முடிவு எதுன்னு எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் டாக்டர் கேட்பார்.