கடலைக் கேட்டால் கதவைச் சொன்ன பெண்

மேடையில் பேச வந்த ஒரு பள்ளி மாணவியைப் பார்த்து அரங்கமே சிரிக்கிற அந்தக் காணொளியை மூன்று நாட்களாகத் திறக்காமல் இருந்தேன். நேற்று இரவு திறந்துவிட்டேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பள்ளி, எந்த ஆளுமைப் பயிற்சி முகாம், யார் பயிற்சியாளர் என்று எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். உங்களில் பலர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். சிரிக்கிற முகம் போட்டவர்களின் பெயர்களையும் பார்த்தேன். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் திரும்பச் சொல்கிறேன், சிரித்தவர்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்பதால். மேடைக்கு அழைத்த அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த தலைப்பு, கடல். ஒரு நிமிடம் பேச வேண்டும். அவள் ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நொடி. நான் எண்ணினேன். பிறகு, "எங்கள் வீட்டுக் கதவை நக்கினால் உப்பாக இருக்கும்" என்றாள். அரங்கம் சிரித்தது. பயிற்சியாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "கடலைப் பற்றிப் பேசச் சொன்னேன் அம்மா, கதவைப் பற்றி அல்ல" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவள் இறங்கிப் போகும்போது கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னது இது: "உள்ளே இருந்தால்தானே வெளியே வரும்? இதைத்தான் யுங் என்ற உளவியல் அறிஞர் உள்முகம் என்றார்."

யுங் அப்படிச் சொல்லவில்லை. அதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். பதினைந்து வயதுப் பெண்ணை அவமானப்படுத்த அவர் பெயரை இழுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார்ல் குஸ்தாவ் யுங் 1921-இல் ஜெர்மன் மொழியில் 'உளவியல் வகைகள்' என்ற நூலை வெளியிட்டார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டை விட்டுப் பிரிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மனச்சிக்கலை ஃப்ராய்டு ஒருவிதமாகவும் ஆட்லர் என்ற இன்னொரு உளவியல் அறிஞர் வேறு விதமாகவும் விளக்குகிறார்கள், இருவருமே அறிவாளிகள், அப்படியிருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியும் அந்த நூலுக்குப் பின்னால் இருந்தது. உள்முகம், புறமுகம் என்று அவர் பிரித்தது பேசுகிறவர், பேசாதவர் என்ற கணக்கில் அல்ல. மனத்தின் ஆற்றல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். வெளியே இருக்கும் பொருளை நோக்கி ஓடினால் புறமுகம். அந்தப் பொருள் தன்னுள் எழுப்பியதை நோக்கி ஓடினால் உள்முகம்.

பயிற்சியாளர் இதோடு நிறுத்திக்கொண்டார். யுங் நிறுத்தவில்லை. மனம் வேலை செய்யும் வழிகள் நான்கு என்றார். சிந்தனையும் உணர்வும் ஒன்றை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்பவை. புலனுணர்வும் உள்ளுணர்வும் தீர்ப்புச் சொல்வதில்லை, வாங்கிக்கொள்பவை. இந்த இரண்டும் உள்முகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தபோதுதான் என் வீட்டு மனிதர்கள் எனக்குப் புரிந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

உள்முகப் புலனுணர்வை விளக்க அவர் தருகிற உதாரணம் மிக எளிது. ஒரே நிலக்காட்சியைப் பல ஓவியர்கள் வரைகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைய வேண்டும் என்றுதான் எல்லாரும் முயல்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு படமும் வேறாக இருக்கும். கைத்திறன் மட்டும் அதற்குக் காரணமல்ல, அவர்கள் பார்த்ததே வேறு. வெளியே ஒரு மலை, உள்ளே அந்த மலை பதிந்த விதம் வேறொன்று. இந்த வகை மனிதருக்கு அந்தப் பதிவுதான் பெரிது.

இப்போது அந்தக் கதவுக்கு வாருங்கள். முட்டத்திலோ குளச்சலிலோ கரையை ஒட்டிய வீட்டில் ஒரு வருடம் இருந்து பாருங்கள். கீல் துருப்பிடிக்கும். தாழ்ப்பாள் இழுக்க வராது. துடைத்த மரம் மறுநாளே பிசுபிசுக்கும். கடல் அலையாக வெளியே நிற்பது சுற்றுலாப் பயணிக்கு. அங்கேயே பிறந்த குழந்தைக்கு அது கதவில் இருக்கிறது, நாக்கில் இருக்கிறது. என்றோ மூன்று வயதில் கதவை நக்கிப் பார்த்த சுவையை அந்த நாற்பது நொடியில் அவள் தேடி எடுத்து வந்தாள். அதற்கு முன்னால் பேசிய நான்கு பிள்ளைகளும் முக்கடல் சங்கமம், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை என்று மளமளவென்று சொன்னார்கள். கைதட்டல் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த மேடையில் கடலைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதும் ஒரு வேலை. அதற்கு நேரம் ஆகும்.

என் அப்பா குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். இருட்டு விலகும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன், சிரட்டையில் ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் அளவு கூடுதலாக உள்ளே போனால் மரத்தில் புண் விழும், பிறகு அந்த இடம் முண்டு முண்டாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. அப்பா விளக்கு வெளிச்சத்தை நம்பி வெட்டவில்லை. ஒவ்வொரு மரத்தின் முன்னும் ஒரு கணம் நிற்பார். இடது உள்ளங்கையைப் பட்டைமேல் வைப்பார். பிறகுதான் கத்தி. ஒருநாள் ஒரு மரத்தில் கை வைத்துவிட்டு வெட்டாமலே நகர்ந்தார். ஏன் என்று கேட்டேன். பத்து மரம் தாண்டிய பிறகு பதில் வந்தது: "அதற்கு நேற்று மாதிரி இல்லை மக்களே."

நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குத் தெரியும். தோட்டத்து மேற்பார்வையாளர் ஏதாவது கேட்டால் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் எங்கள் முன்னாலேயே "மரமண்டை" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்பாவை எந்த வகையில் சேர்ப்பது என்று நான் முத்திரை குத்த மாட்டேன். பார்த்த மாத்திரத்தில் ஆளை வகை பிரிப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று யுங்கே பின்னாளில் எழுதினார். ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குப் பட்டையின்மேல் இருந்த அந்த உள்ளங்கைதான் தெரிந்தது.

இன்னொன்று உள்முக உள்ளுணர்வு. இதைப் புரியவைப்பது கடினம். ஒருவருக்கு மனக்காரணத்தால் தலைசுற்றல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் யுங். புலனுணர்வு அந்தத் தலைசுற்றலோடு நின்றுவிடும். உள்ளுணர்வு அதைத் தாண்டிப் பின்னால் இருக்கும் ஒரு படத்தைப் பார்க்கும்: நெஞ்சில் அம்பு பாய்ந்து தள்ளாடும் ஒரு மனிதன். வெளியே நடந்தது வெறும் தூண்டுதல், இவர்கள் பிடித்துக்கொள்வது அந்தப் படத்தை.

என் சித்தி அப்படிப்பட்டவர். குடும்பத்தில் ஒரு அக்காவுக்கு வரன் பேசி எல்லாரும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மார்த்தாண்டம் பக்கம், நல்ல விசாலமான வீடு, முற்றத்தில் செவ்வாழை குலை தள்ளி நின்றது. சித்தி மட்டும், "எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிற மாதிரி இருந்தது" என்றார். ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள், நல்ல காரியத்தில் அபசகுனம் பேசுகிறாள் என்று. ஏன் அப்படித் தோன்றியது என்று சித்தியால் விளக்க முடியவில்லை. அன்று முதல் எந்தப் பேச்சிலும் அவர் வாய் திறந்ததில்லை. கல்யாணம் நடந்தது. அதன்பிறகு நடந்ததை எழுத மாட்டேன், அது அந்த அக்காவின் வாழ்க்கை. சித்திக்குத் தோன்றியதெல்லாம் பலிக்கும் என்றும் நான் சொல்லவில்லை. பல தவறாகவும் போயிருக்கின்றன. ஆனால் என்ன பார்த்தாய் என்று ஒருவர்கூட அவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

யுங் இந்த இரண்டு வகையினரையும் பற்றி எழுதியதுதான் அந்தப் பயிற்சியாளருக்கு என் பதில். புறமுகமான, பகுத்தறிவு மட்டுமே அளவுகோலான பார்வைக்கு இவர்கள் எதற்கும் பயன்படாதவர்களாகத் தெரிவார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். இவர்கள் வெளியே சொல்வது துண்டு துண்டாக, தொடர்பில்லாமல் வரும் என்றும் சொல்கிறார். சொன்ன கையோடு, இன்னும் உயரத்தில் நின்று பார்த்தால் இந்த வளமான உலகம் வெளியே மட்டுமல்லாமல் உள்ளேயும் இருக்கிறது என்பதற்கு இவர்களே உயிருள்ள சாட்சி என்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர் எங்கே சொன்னார்? எந்தப் பக்கத்தில்?

இனி என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

யுங்கின் வகைகள் அறிவியலே அல்ல என்று ஒரு நண்பர் எழுதுவார். நியாயமான கேள்விதான். ஆளுமையை அளக்க இன்றைய உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து கூறுகள் கொண்ட வேறொரு முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். யுங்கின் கருத்துகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் கேத்ரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கிய சோதனை, ஆளுக்கு நான்கு எழுத்து கொடுத்துப் பதினாறு வகையாகப் பிரிப்பது, உலகமெங்கும் விற்கிறது. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு முடிவு வரலாம். மனிதரைப் பதினாறு பெட்டிகளில் அடைக்க முடியும் என்று நானும் நம்பவில்லை. யுங் எண்களை வைத்து எதையும் நிரூபிக்கவில்லை. சிகிச்சைக்கு வந்தவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதினார், அவ்வளவுதான். நான் அவரை வேதமாகப் படிக்கவில்லை. பேசத் தெரியாத மனிதரை மதிக்க எனக்குச் சொற்கள் கொடுத்தவர் அவர். அந்தக் கடனுக்காகப் பேசுகிறேன்.

நாளைக்கு வேலை நேர்காணலில் நாற்பது நொடி காத்திருப்பார்களா என்று கேட்பவர்களே, நேர்காணலில் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் பள்ளியிலும் காத்திருக்கக் கூடாதா? வீட்டிலும் கூடாதா? அவள் பேசவே கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்கட்டும். முதல் வாக்கியத்தைச் சொன்னதும் ஒலிவாங்கியைப் பிடுங்கினால் இரண்டாவது வாக்கியத்தை எப்படிக் கற்பாள்? "அந்தக் கதவைப் பற்றி இன்னும் சொல்" என்று கேட்டிருந்தால் அதுதான் பயிற்சி.

பயிற்சியாளர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மேற்பார்வையாளருக்கும் நல்ல எண்ணம் இருந்திருக்கும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அப்பாவுக்கு வயிற்று வலி வந்தபோது ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். மருத்துவர், வலி எப்படி இருக்கிறது, ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றார். அப்பா தரையைப் பார்த்தார். வெளியே நீண்ட வரிசை. மருத்துவர் பேனாவைத் தட்டினார். அவசரத்தில் நானே, "மூன்று, நான்கு இருக்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். வாயு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, தக்கலை தாண்டியிருக்கும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "பட்டையைத் தாண்டிக் கத்தி மரத்துக்குள் போன மாதிரி இருக்கிறது."

அதைவிடத் துல்லியமாக எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஆழத்தில் இருக்கிறது, மேலோட்டமானது அல்ல, ஆறாது என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அன்று விளங்கவில்லை. சரி அப்பா, மாத்திரை போட்டால் போய்விடும் என்றேன். ஐந்து மாதம் கழித்து வேறு இடத்தில் படம் எடுத்துப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. மருத்துவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். அந்த அறையில் அப்பாவுக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்க வேண்டியவன் நான். பட்டையின்மேல் அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். நானே எண்ணைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அதனால்தான் அந்த நாற்பது நொடியை எண்ணிப் பார்த்தேன். அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் இன்றே நீக்குங்கள். அதில் அவள் முகம் தெரிகிறது, பள்ளிச் சீருடை தெரிகிறது, நாளை அவள் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். முகாம் நடத்தியவர்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். அடுத்த ஆண்டு யாரை வேண்டுமானாலும் அழையுங்கள், யுங்கைப் பற்றிப் பேசுகிறவர் அந்த நூலைப் படித்தவராக இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். கதவைப் பற்றி மீதியையும் சொல்ல அவளுக்கு மனமிருந்தால், நானும் என் மனைவியும் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறோம்.