வேலையின்மை குறைந்தது சரி, எந்த வேலை கூடியது?

"2018-19இல் 5.8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2020-21இல் 4.2 ஆகிவிட்டது, ஊரடங்கால் இந்தியாவில் வேலை ஒன்றும் போகவில்லை" என்கிறீர்கள். எண்கள் சரி, முடிவு தவறு.

அந்த எண்கள் வந்த அதே பி.எல்.எஃப்.எஸ். (மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர்) கணக்கெடுப்பில், வேலையில் இருப்பவர்களில் விவசாயத்தின் பங்கு 42.5இலிருந்து 46.5 சதவீதமாக ஏறியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர் பங்கு 23.8இலிருந்து 21.1 ஆக இறங்கியிருக்கிறது. நகரத்தில் வேலை போய் ஊர் திரும்பியவர் குடும்ப வயலில் களை பறித்தால், கூலியே வாங்காவிட்டாலும் கணக்கில் அவர் 'வேலையில் இருப்பவர்'. வருடத்தில் 30 நாள் செய்திருந்தாலே போதும்! வேலையின்மை வீதம் பிடிக்காமல் விடுவது இந்த இடப்பெயர்வைத்தான்.

இன்னொன்று, அப்போது கணக்கெடுப்பு ஆண்டு ஜூலையில் தொடங்கியது. 2020 ஏப்ரல்-ஜூன் முடக்கம் 2019-20க்குள் போய்விடும், 2020-21 எண்ணில் வராது. இந்த எண்களை வைத்து மாநிலங்களை ஒப்பிடுவதானால் கிராமம், நகரம் பிரித்து, சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர் பங்கையும் சேர்த்துப் பாருங்கள்.