வீட்டுக்கு முன்னால் வேலி

தோட்டத்தில் பூட்டிக் கிடக்கிற பழைய வீட்டைப் பழுது பார்த்துக் குடிபோக நினைக்கிறவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஓடு எங்கே கிடைக்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யார், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். தெரிந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தப் பூமியை நம்பிச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் முதல் பணத்தை வீட்டில் போடாதீர்கள், வேலியில் போடுங்கள். காங்கேயம் பக்கத்து மேட்டாங்காட்டில், அதாவது மழையை நம்பிய மேட்டு நிலத்தில், மாமனார் வீட்டைச் சரிசெய்து, ஆடு மாடு வைத்துக்கொண்டு குடும்பமாக இருக்கிறோம். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

எங்கள் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். வாய்க்கால் தண்ணீர் எட்டாது. இப்படிப்பட்ட காட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிழைத்தது கொறங்காட்டை, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தை, வைத்துத்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு "இந்த இடத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அது சும்மா கிடக்கிற இடமே இல்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், பின்னாலேயே ஓர் ஆள் நாள் முழுக்க அலைய வேண்டியதில்லை. ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பெரியவர்கள் ஒரே பூமியைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்து வைத்தது இதற்காகத்தான். கோடையில் புல் காய்ந்தாலும் வேரில் உயிர் இருக்கும், ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும். புல் காய்கிற மாதங்களில் வேலங்காய் உதிரும், அதை ஆடுகள் பொறுக்கித் தின்னும். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது கம்போ சோளமோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள்.

இதெல்லாம் வேலி இருந்தால்தான் நடக்கும். கிளுவைப் போத்தை, அதாவது கிளைக் குச்சியை, மழைக்கு முன்னால் வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கொள்ளும். அடர்ந்து வர வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை முள்ளை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும். வீட்டு வேலையை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், வேலி காத்திருக்காது என்று நான் சொல்வது இதனால்தான். கம்பி வேலி ஒரே வாரத்தில் எழும்பிவிடும், உண்மைதான். ஆனால் கம்பியில் பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும் தானாக வந்து படர்ந்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் குழம்புக்கும் துவையலுக்கும் பாதி வேலியிலிருந்தே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கிளுவை நிற்கிற இட்டேரி என்கிற தோட்டத்துப் பாதையில் கீரியும் உடும்பும் செம்போத்தும் ஆந்தையும் குடியிருக்கின்றன. இட்டேரியை அழித்து ரோடாக்கிய ஊர்களில் எலித் தொல்லை எப்படி என்று அங்கே பண்ணையம் பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது போர்வெல். புதிதாகக் குடிவருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் போடுகிறார்கள். விவசாய மோட்டாருக்குக் கரண்டு 1990-லிருந்து தமிழ்நாட்டில் இலவசம். கடன்பட்டுத் தவித்த விவசாயிக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே போன பிறகும் ஆழப்படுத்திக்கொண்டே இருக்கிற காடுகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. போர்த் தண்ணீரை நம்பி வைத்த தென்னந்தோப்புகள் அடுத்த கோடையில் மட்டை தொங்கிக் கருகி நின்றதை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் கிடையாது. அந்த வருஷமும் கொறங்காட்டுக்காரர்கள் கஷ்டப்பட்டார்கள், தீவனத்துக்குச் சோளத்தட்டு வாங்க முடியாமல் மாட்டை விற்றார்கள். ஆனால் மழை வந்ததும் புல் வந்தது, அவர்களால் மறுபடி தொடங்க முடிந்தது. காய்ந்த தென்னையை என்ன செய்தாலும் எழுப்ப முடியாதே. ஆகவே பழைய கிணறு இருந்தால் தூர் வாருங்கள், வரப்பை உயர்த்திப் பெய்கிற மழையைக் காட்டிலேயே நிறுத்துங்கள். வீட்டுக்கும் கால்நடைக்கும் ஒரு கீரைப் பாத்திக்கும் அது போதுமா என்று ஒரு கோடை பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசச் சொன்னார்கள். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளேயே நிற்கிற ஈரம் மண்ணைக் கரைக்கும், உப்புப் பூக்கும், கொஞ்ச வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பழைய வீடு ஈரம் தாங்காது என்று பேர் கெட்டுப்போனதற்குப் பல இடங்களில் காரணம் பிறகு வந்த சிமென்ட்தான் என்பது என் கருத்து. தரை, குளியலறை, தண்ணீர்த் தொட்டிக்கு நாங்களும் சிமென்ட்தான் போட்டோம். அதனதன் இடத்தில் அது நல்ல பொருள். மண்சுவர் அதன் இடமில்லை.

சுண்ணாம்பு வேலை பொறுமையைக் கேட்கும். நீற்றிய சுண்ணாம்பை ஊற விட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைக்க வேண்டும். மெல்லிய பூச்சாக ஏற்றி, ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கல்லாகும், அவசரப்படுத்தினால் வெடிப்பு விடும். வெயில் நேரடியாகப் படாமல் சாக்கு நனைத்துத் தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், கையுறை இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்கள். அவர்களோடு இளவட்டம் ஒருவரையாவது கூலி கொடுத்து நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்தால் அடுத்த வீட்டுக்கும் ஆள் இருக்கும். கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கூரைக்குப் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம். வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது. இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, நல்ல முடிவு. இடிக்கிற வீடுகளிலிருந்து வருகிற பழைய பனங்கையே தாராளமாகக் கிடைக்கிறது. ஓடும் அப்படித்தான். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழில்தான் நாம் சீமை ஓடு என்று சொல்வதை ஊர் ஊராகக் கொண்டுவந்தது. கிழக்குச் சாய்ப்பில் மாமனார் பிறப்பதற்கு முன் போட்ட ஓடுதான் இன்னும் இருக்கிறது, உடைந்ததை மட்டும் மாற்றினோம்.

என்னை உண்மையிலேயே வருத்துவது வேறொன்று. அழகாகப் புதுப்பித்த தோட்டத்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் களம் இருந்த இடத்தில் கார் நிறுத்த டைல்ஸ், கட்டுத்தறி இருந்த இடத்தில் ஊஞ்சல், அட்டாலிப் பரணில் விளக்கு அலங்காரம். வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவரவர் சொத்து, அவரவர் விருப்பம். ஆனால் தோட்டத்து வீட்டின் ஒவ்வொரு மூலையும் ஒரு வேலைக்காக இருந்தது. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைக்கக் களம் வேண்டும். கொள்ளும் எள்ளும் தட்டைப்பயறும் மொடாப் பானையில் நிற்க ஈரமில்லாத அறை வேண்டும். கன்று போடுகிற மாட்டை ராத்திரி எட்டிப் பார்க்கிற தூரத்தில் கட்டுத்தறி வேண்டும். இவற்றை எடுத்துவிட்டுத் தூணையும் திண்ணையையும் மட்டும் வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் நிலத்தை வைத்துப் பிழைக்க முடியாது.

அதே நேரம் பழையது எல்லாம் புனிதம் என்றும் நான் நினைக்கவில்லை. எங்கள் பழைய அடுப்படியில் ஜன்னலே கிடையாது. என் மாமியார் கண்ணெரிச்சலோடு முப்பது நாற்பது வருஷம் அதில் நின்றிருக்கிறார். முதலில் அந்தச் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தோம், புகைபோக்கி ஏற்றினோம், நின்று சமைக்க மேடை கட்டினோம். கழிப்பறையை வீட்டோடு சேர்த்தோம். ராத்திரியில் பாம்புக்குப் பயந்துகொண்டு தோட்டத்து மூலைக்குப் பெண்கள் போவதில் பாரம்பரியம் எதுவும் இல்லை. "பழைய அமைப்பு கெட்டுவிடும்" என்று இதைத் தடுக்கிற ஆண்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அரிசியைக் கடையில்தான் வாங்குகிறோம். கம்பு, சோளம், பயறு, எள், முருங்கை, கீரை, பால், நெய், முட்டை எல்லாம் வீட்டில். கையில் காசாக வருவது மேச்சேரி ஆட்டிலும் காளைக் கன்றிலும்தான். காங்கேயம் மாடு நிறையக் கறக்காது, கன்றுக்கு விட்டது போக இரண்டு லிட்டர் வந்தால் நல்ல மாடு. ஆனால் கொறங்காட்டுப் புல்லிலேயே அது நிற்கும், மூட்டைத் தீவனம் கேட்காது. நல்ல கன்றுக்குக் கண்ணபுரம் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் இன்றும் மதிப்பு இருக்கிறது. இதற்கு மேல், கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பிள்ளைகள் படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்தச் சம்பளத்தில். இதில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கத்தில் பண்ணையத்தோடு தறி ஓட்டிய குடும்பங்கள் எத்தனை! வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே நாளில் தோட்டத்துக்கு வந்துவிடுங்கள் என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். குடும்பத்தில் ஒருவராவது வெளிவருமானத்தில் இருங்கள், நிலம் சுமக்கிற அளவு மட்டும் அதன் மேல் ஏற்றுங்கள்.

கடைசியாக, எந்தக் கொத்தனாராலும் சரிசெய்ய முடியாத ஒரு விரிசல். பழைய தோட்டத்து வீடுகள் இடிந்து விழுவதற்குக் கரையானைவிடப் பெரிய காரணம் பிரிக்காத பங்கு. யார் செலவு செய்தால் யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, மழை உள்ளே இறங்கிவிடுகிறது. வீட்டுப் பெண்களின் பங்கைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. "சீர் செய்துவிட்டோமே" என்று இன்னும் எத்தனை நாள் சொல்வார்கள்? மருமகளாக வந்தவள் நாத்தனார்களுக்காகப் பேசுகிறேன் என்று சொந்தத்தில் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும். கிணற்றிலும் பாதையிலும் வீட்டிலும் யார் யாருக்கு என்ன என்று எழுதிப் பதிவு செய்த பிறகுதான் இங்கே ஒரு ஓட்டைக்கூடப் பிரித்தோம். நாத்தனார்கள் இருவரும் கொறங்காட்டில் தங்கள் பாகத்தை எங்களுக்கே மேய்ச்சலுக்கு விட்டு, வருஷத்துக்கு ஒருமுறை அதற்கான குத்தகைப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். தெற்கு அறை அவர்களுடையது. அதன் பூச்சு வேலைக்குப் பொங்கல் கழிந்து கொத்தனார் வருகிறார், சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் அந்த வாரம் வாருங்கள். வேலை செய்தால் கூலி உண்டு, மதியம் கம்பஞ்சோறும் உண்டு.