ஏமாற்றியவர் ஆலிஸ் ஷெல்டனா?

நம் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் அறிவியல் கதைகள் எழுதிய அமெரிக்கர் ஆலிஸ் ஷெல்டனைப் பற்றிப் பேச வந்த நண்பர், "ஆண் பெயரில் வாசகர்களை ஏமாற்றிய பெண்மணி" என்று தொடங்கி, அவருடைய துப்பாக்கிச் சாவில் கொண்டுபோய் முடித்தார். இடையில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. அதற்கு நேரம் போதவில்லை போலும்.

1915-இல் சிகாகோவில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் காங்கோ காடுகளுக்குப் போய்வந்தவர் அவர். 1942-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களைக் கூர்ந்து பார்த்து, எதிரியின் நிலைகளைக் கண்டறியும் உளவுப் பணியில் இருந்து, மேஜர் பதவி வரை உயர்ந்தார். போருக்குப் பிறகு கணவருடன் கோழிப்பண்ணை நடத்தினார். 1952 முதல் 1955 வரை சி.ஐ.ஏ.வில் வேலை. அதையும் உதறிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் கல்லூரிக்குத் திரும்பி, 1967-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு அலுப்பின் நடுவே விளையாட்டாக எழுதிய அறிவியல் கதைகளுக்குத்தான், கடையில் கண்ட ஒரு மார்மலேட் பழப்பாகுப் புட்டியிலிருந்து 'டிப்ட்ரீ' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 'ஜூனியர்' என்பது கணவர் ஒட்டவைத்த வால்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் சக எழுத்தாளர்களுக்கு எழுதிய கடிதங்களில் தன் ஆப்பிரிக்கக் குழந்தைப் பருவத்தைச் சொன்னார், ராணுவத்தைச் சொன்னார், அத்தனையும் உண்மை. பெயர் மட்டுமே புனைவு. அந்தப் பெயருக்கு மீசையை ஒட்டிவிட்டவர்கள் வாசகர்கள். 1975-இல் அவருடைய தொகுப்புக்கு முன்னுரை எழுதிய சக அறிவியல் கதை எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பர்க், டிப்ட்ரீ பெண்ணாக இருக்கலாம் என்ற ஊகமே அபத்தம், இந்த எழுத்தில் மறுக்கவியலாத ஆண்மை இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். தவறு வெளிப்பட்டபோது அவர் அதைப் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். நம் நண்பருக்கு அந்தப் பெருந்தன்மை இன்னும் வாய்க்கவில்லை.

ஆலிஸ் பிடிபட்ட விதத்தைப் பாருங்கள். 1976-இல் தன் தாய் இறந்ததைக் கடிதங்களில் எழுதினார். தாய் சிகாகோக்காரர், ஆப்பிரிக்கப் பயணி என்பது முன்பே தெரிந்திருந்ததால், ஆர்வலர்கள் நாளிதழின் இரங்கல் குறிப்பைத் தேடிப் பிடித்தார்கள். அதில் வாரிசாக இருந்தது ஒரே மகளின் பெயர். பொய் சொல்லியிருந்தால் அவர் மாட்டியிருக்கவே மாட்டார். உண்மையைச் சொன்னதால் மாட்டிக்கொண்டவரை ஏமாற்றுக்காரி என்கிறோம்.

"புனைபெயர் வேறு, கடிதங்களிலும் ஆணாக நடமாடியது வேறு" என்று சிலர் வருவீர்கள். அந்த மயக்கத்தை அவர் கலைக்கவில்லை, உண்மைதான். கலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் கொஞ்சம் அறிவேன். கதிரியக்கம் பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பியபோது, பொறுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் வீட்டுக்காரர் விஞ்ஞானியா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். என் கணவர் ஜவுளி வியாபாரம் செய்கிறவர். ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றவள் நான். கட்டுரை வெளிவந்தது, அந்தக் கேள்வி இன்னும் உள்ளே கிடக்கிறது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மனைவியின் பெயரில் எழுதிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் ரங்கராஜனை, நம் சுஜாதாவை, யாராவது ஏமாற்றுக்காரர் என்றோமா? சொல்லவும் கூடாது, நானும் அவரைப் படித்து வளர்ந்தவள்தான். ஆனால் ஓர் ஆண் பெண் பெயரில் எழுதினால் அது ரசனை. ஒரு பெண் ஆண் பெயரில் எழுதினால் அது மோசடி. இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் கற்றது?

அடுத்து, "கொலையை நியாயப்படுத்துகிறீர்களா?" என்ற கேள்வி வரும். இல்லை. 1987 மே 19 அன்று, பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்த 84 வயதுக் கணவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்குக் கணவரின் சம்மதம் இருந்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. டிப்ட்ரீ பெயரிலிருந்த இலக்கிய விருது 2019-இல் பெயர் மாற்றப்பட்டதற்கும் அதுவே காரணம். மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் எழுப்பிய ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஓர் இரவை வைத்து எழுபத்தோரு ஆண்டுகளை அளப்பவர்கள், துப்பாக்கியோடு வாழ்வை முடித்துக்கொண்ட ஆண் எழுத்தாளர்களுக்கு 'மேதையின் துயரம்' என்று கட்டுரை எழுதுகிறார்கள். படித்திருக்கிறேன், ஒன்றிரண்டல்ல.

கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்பவர்களுக்கு: கை உயர்த்தினேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். பதிவை வலையேற்றப் போவதாக அறிகிறேன். குறிப்பில் 'ஏமாற்றிய பெண்மணி' என்ற சொற்களை நீக்கிவிட்டு, 'மேஜர், முனைவர் ஆலிஸ் ஷெல்டன்' என்று போடுங்கள். போட மனமில்லையென்றால், குழுவிலிருந்து என் பெயரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.