கரண்ட் தந்த வள்ளல்களுக்கு

அந்த மேடைப் பேச்சுக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "வன்னிக்கு வெளிச்சம் தந்ததே நாங்கள், இப்போது பில் கூடிப்போச்சு என்று முறைப்பாடு வேறு" என்று அந்த அரசியல்வாதி சொல்லும் இடத்தில் வடக்கிலுள்ள எங்கள் வன்னிச் சனமே கைதட்டுகிறது பாருங்கள், அதையும் பார்த்தேன். கரண்ட் என்ன அன்னதானமா?

கொழும்பில் 1895இலேயே மின்விளக்கு எரிந்தது. மலைநாட்டு அருவிகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆகிவிட்டது. 1969இல் மின்சார சபை வந்தது. எல்லாம் அரச பணம், அதாவது எல்லாருடைய வரி. வன்னி விவசாயியின் வரியும் அதில் இருக்கிறது. போருக்கு முன்பு அந்த லக்சபான மின்சாரம் கிளிநொச்சியைத் தாண்டி யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வரை வந்தது. போரில் 1990இல் போனது, போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்தது. போனதைத் திருப்பிக் கொடுத்தவருக்கு மாலையா போடுவது?

திரும்பி வந்ததும் யாருடைய சட்டைப்பையிலிருந்தும் இல்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு இழுத்த 132 கிலோவோல்ட் லைன் ஜப்பான் கடனில் போட்டது. அந்தக் கடனை நாங்களும்தான் கட்டுகிறோம், ஐயா.

இடையில் எப்படி இருந்தோம் என்று மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் செருகிய திரி. காலையில் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும். பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். என் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அப்பா பல்லைக் கடிப்பார். அந்தப் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் அக்கா ஓ/எல் பரீட்சைக்குப் படித்தாள். (இதை "அழகான நாட்கள்" என்று வெளிநாட்டிலிருந்து படம் போடுபவர்களே, உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை ஒரு கிழமை அணைத்துவிட்டு வந்து பேசுங்கள்.)

"போர் நடந்ததே, அப்போது எப்படி லைன் இழுப்பது?" என்பீர்கள். சரி, நடந்தது. அதற்காக இன்று நான் ஏன் கும்பிட வேண்டும்? "தெற்கிலும் எத்தனையோ கிராமங்கள் எண்பதுகளில் குப்பி விளக்கில்தான் இருந்தன" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், மறுக்கவில்லை. அந்தக் கிராமங்களில் போய் இதே பேச்சைப் பேசிப் பார்க்கட்டும்.

லைன் வந்த பிறகும் பிரதான வீதியோடு நின்றது. உள்ளே இருந்த எங்கள் வீட்டுக்குக் கம்பத்துக்கும் நாங்களே காசு கட்ட வேண்டும் என்றார்கள். அம்மா இரண்டு கிடாய்களையும் விற்றுத்தான் வயரிங் செய்தார். முதல் நாள் பல்பு எரிந்ததும் குசினிச் சுவரின் கரியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஊத்தைக்குள்ளேயா இருந்தனாங்கள்" என்று தும்புத்தடியை எடுத்தார். நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கிடாய்களுக்குச் சொல்கிறேன்.

அப்புறம், மன்னாரில் தம்பபவனி என்று 30 காற்றாலைகள் நிற்கின்றன. 103.5 மெகாவாட். அந்தக் கரண்ட் தேசிய மின்வலையமைப்புக்குப் போய் எங்கெங்கோ மின்விசிறியைச் சுற்றுகிறது. மன்னார்ச் சனம் எந்த மேடையிலாவது ஏறி "தெற்குக்கு வெளிச்சம் தந்தது நாங்கள்" என்றதா? சொன்னால் விடுவீர்களா?

பில்லைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். கட்டுகிறேன், மாதம் தவறாமல். கட்டாவிட்டால் வந்து வெட்டுவீர்கள். காசு வாங்கிக்கொண்டு விற்பதற்குப் பெயர் வியாபாரம். அதற்கு ஏன் தர்மகர்த்தா வேடம்?

அந்தக் காணொளியின் கீழே "நன்றி ஐயா" என்று கைகூப்பியவர்களில் நாலைந்து பேர் என் நட்பு வட்டத்திலும் இருக்கிறார்கள். நீங்களாகவே போய்விடுங்கள். தேடித் தேடி நீக்க எனக்கு நேரமில்லை.